இரண்டு ஃபைல்கள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு (ஆடிப்பெருக்கு)

அம்மா இன்று காலை கோபிக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஆடிக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வருவது ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் அம்மா பெண் வீட்டுக்குப் போகிறாள். வினோதினி அக்காவுக்கு எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு திருப்பூருக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபியில் ஆஸ்பத்திரி பக்கமாம். எங்கள் தெருவிலேயே இரண்டு ஆஸ்பத்திரி இருக்கிறது. கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, உங்கப்பா கோவம் முன்ன மாதிரி இல்ல. ரிட்டையர் ஆனதுல இருந்து வேற மாதிரி இருக்குது. மனசு டாக்டர்கிட்ட ஒருக்காக் காட்டோணும். அவருக்குன்னு சொன்னா வரமாட்டாரு. உனக்குத் தூக்கம் வரலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போ. நீ படிச்சவன், பக்குவமாச் செய்வே."

"செய்யலைன்னா?"

"வீடு இப்படியே இருந்தா உங்கக்கா கொழந்தையத் தூக்கிட்டு வந்து இந்த வாசப்படி மிதிக்க மாட்டா. வாய் விட்டே சொல்லிப்போட்டா. அவ வராட்டி நானும் அங்கயே இருந்துக்குவேன்."

தாய்மாமன் நான் இருக்கும்போது, என் வீட்டில் தொட்டில் கட்டாமல் ஒரு குழந்தையா? நடக்காது. அதனால் இந்த டைரி. டாக்டர் கேட்டால் தேதியோடு சொல்ல வேண்டும். அப்பாவின் கோபங்களை மட்டும் எழுதுவதாகத் திட்டம். நான் பனியன் கம்பெனிகளில் நிட்டிங் மெஷின் சர்வீஸ் செய்கிறவன். ஃபால்ட் எங்கே என்று தெரிந்துவிட்டால் ரிப்பேர் பெரிய வேலை இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை: பால்காரர் மணியடித்தது அதிகம் என்று அப்பா சண்டை.

மதியம்: சோறு குழைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளினார். சமைத்தது நான். தண்ணீர் அளவு சரி, விசில் சரி, அரிசிதான் சரியில்லை. இதை அவருக்கு விளக்கினேன். மெதுவாகத்தான் விளக்கினேன். எதிர்வீட்டு அக்கா எதற்கு ஜன்னலைச் சாத்தினாள் என்று தெரியவில்லை.

மாலை: டிவி ரிமோட் கீழே விழுந்து உடைந்தது. எதிர்ச்சுவரில் பட்டு, அப்புறம் கீழே விழுந்தது. எறிந்தது அப்பா இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

அப்பாவிடம் பெரிய சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். "எனக்குச் சரியாத் தூக்கம் வர்றதில்லைங்கப்பா, டாக்டர்கிட்ட போகோணும், கூட வாங்க" என்றேன். மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். பத்து நாளாக மழிக்காத முகத்தைக்கூட மழித்தார். இவ்வளவு சுலபமா?

முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவரைப் பின்னால் உட்கார வைத்து வண்டி ஓட்டுவது தனி நோய். "மிரர் பாருடா. லாரிக்குப் பின்னால ஒட்டாதடா. பிரேக்கைப் புடிடா, அது கால் வெக்கறதுக்கு இல்ல, நிக்கறதுக்கு!" சிக்னலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பதில் விளக்கம் கொடுத்தேன். சிக்னல் பச்சையாகி மறுபடி சிவப்பாகிவிட்டது.

டாக்டர் பெயர் ஜெபசீலி. என்னைவிட ஐந்தாறு வயசு கூட இருக்கலாம். மேசையில் பாதி கடித்த முறுக்கு. நர்ஸ் எங்கள் இருவர் பெயரிலும் இரண்டு ஃபைல் போட்டாள். ஒரு பேஷன்டுக்கு இரண்டு ஃபைல். சிஸ்டம் சரியில்லை.

முதலில் அப்பா தனியாக உள்ளே போனார். ரொம்ப நேரம். வீட்டில் ஒரு வருஷமாகப் பேசாததை எல்லாம் அங்கே பேசியிருப்பார் போல. அப்புறம் நான். கதவைச் சாத்தியதும் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"டாக்டர், தூக்கம் வரலைங்கறது சும்மா சாக்கு. பேஷன்ட் அவர்தான்."

டைரியைப் பார்த்து எல்லாவற்றையும் தேதியோடு படித்தேன். விடியும் முன்பே எழுந்து சுவரைப் பார்த்து உட்காருவது, ரேடியோ கேட்காதது, பேரக்குழந்தை வரப்போகிறது என்றால் "வரட்டும்" என்பது. பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாக் கவனிச்சிருக்கீங்க. சரி, நீங்க எவ்ளோ நேரம் தூங்கறீங்க?"

"வேலை மூடு வந்துட்டா மூணு மணி நேரம். அதுவே போதும்."

"மறுநாள் அசதி?"

"அசதியா? இன்னும் வேகமா இருப்பேன். மத்தவங்கதான் ஸ்லோ."

"வருஷம் பூராவும் இப்படியா?"

"இல்லைங்க. சில வாரம் படுத்தா எந்திரிக்கவே பிடிக்காது. அது எல்லாருக்கும் இருக்கறதுதானே."

எழுதிக்கொண்டார். எந்த ஃபைலில் என்று நான் பார்க்கவில்லை. இருவருக்கும் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். எனக்கு எதற்கு? கேட்டால் தைராய்டு என்றார். அப்பாவுக்குச் சந்தேகம் வராமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன். கெட்டிக்கார டாக்டர்.

ஆகஸ்ட் 13, புதன்

மங்கலம் ரோட்டில் ஒரு கம்பெனி. நூல் அறுந்தால் மெஷின் தானாக நின்று சிவப்பு விளக்கு எரிய வேண்டும். விளக்கு அடிக்கடி எரிகிறது என்று ஆபரேட்டர் அந்த சென்சாரையே கழற்றிக் கட்டி வைத்திருக்கிறான். துணி முழுக்க ஓட்டை. அவனுக்கு விளக்கினேன். சூப்பர்வைசருக்கும் விளக்கினேன். முதலாளி வந்தார், அவருக்கும். மாலையில் எங்கள் ஆபீசிலிருந்து போன்: அந்தக் கம்பெனிக்கு இனி என்னை அனுப்ப மாட்டார்களாம்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு இருந்ததா என்று கேட்டேன். இல்லையாம். பின்னே என்ன?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

என்ன ஒரு நாள்! மூன்று நாளாகத் தூக்கமே தேவைப்படவில்லை. ஒரு வீட்டில் கிரைண்டருக்கு ஒரு மோட்டார், மிக்சிக்கு ஒரு மோட்டார், வாஷிங் மெஷினுக்கு ஒரு மோட்டார். எதற்கு மூன்று? ஒரே மோட்டார், இணைக்க மூன்று கப்ளிங், தீர்ந்தது! இத்தனை வருஷம் ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லை! மூன்றையும் பிரித்துவிட்டேன். ஹால் பூராவும் பாகங்கள். கிரைண்டர் கல் சோபாவில். அம்மா வருவதற்குள் முடித்து அவளை அசத்த வேண்டும். பேட்டன்ட் வாங்குவது பற்றி நண்பர்கள் பதினோரு பேருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். ஒருத்தனும் முழுசாகக் கேட்கவில்லை. முட்டாள்கள். அப்பா வந்து "இட்லி மாவுக்கு என்னடா பண்றது?" என்றார். உலகமே மாறப்போகிற நேரத்தில் இட்லி மாவு! விளக்கினேன். அவரும் எனக்கு விளக்கினார். எதிர்வீட்டு ஜன்னல் இப்போது நிரந்தரமாகச் சாத்தியே இருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

வேலைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

போல்ட் நட்டுகளைப் பார்த்தாலே எரிச்சல். அப்பா டம்ளரை வைக்கிற சத்தம் கூட.

ஆகஸ்ட் 23, சனி

எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அப்பா கட்டில் ஓரத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன்.

"உனக்குத்தானே தூக்கம் வரலைன்னே? இன்னைக்கு டாக்டர் வரச் சொன்னாங்கல்ல? எந்திரி."

சொன்ன பொய்யைக் காப்பாற்ற எழுந்தேன். வண்டியை அவரே ஓட்டினார். ரிட்டையர் ஆன பிறகு அவர் வண்டி தொடுவது இதுதான் முதல் தடவை. முதுகில் சாய்ந்துகொண்டேன். வழியில் யாரையும் திட்டவில்லை.

டாக்டர் இந்த முறை என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். மேசையில் இரண்டு ஃபைல்.

"அப்பாவுக்கு டிப்ரஷன். நம்மாளுங்க டிப்ரஷன்னா அழுதுட்டு உக்காந்திருக்கறதுன்னு நினைச்சுக்கறாங்க. நிறையப் பேருக்கு அது எரிச்சலாத்தான் வெளிய வரும். தட்டைத் தள்றது, பால்காரரோட சண்டை போடறது, எல்லாம் அதுதான். போன தடவையே அவர் சம்மதிச்சுட்டார், இன்னைக்கு மாத்திரை ஆரம்பிக்கறார். பலன் தெரிய சில வாரம் ஆகும்."

"நான்தான் முதல்லயே சொன்னேனே!"

"ஆமா. அது அவர் ஃபைல்." அதை மூடி வைத்தார். இன்னொன்றைத் திறந்தார். "இது உங்களுது."

நான் விளக்கினேன். எழுந்து நின்று விளக்கினேன். கதவுக்கு வெளியே நாற்காலிகள் நகருகிற சத்தம் கேட்டது. டாக்டர் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டார்.

"முடிச்சிட்டீங்களா?"

"இல்லை."

"சரி, முடிங்க."

உட்கார்ந்தேன்.

"கோபம் வியாதி இல்லைங்க. நியாயமான கோபம் எல்லாருக்கும் வரும், எனக்கும் வரும். ஆனா உங்களுக்குத் தூக்கம் கொறையற வாரத்துல அது பல மடங்கா வருது. படுத்துக் கெடக்கற வாரத்துல டம்ளர் சத்தத்துக்கே வருது. அப்ப கோபத்தை மட்டும் பாத்து என்ன பிரயோஜனம்? கீழ என்ன ஓடுதுன்னு பாக்கணும். பைபோலார்ல கொஞ்சம் லேசான வகை மாதிரி தெரியுது. இன்னும் சில தடவை பாத்துட்டு உறுதியாச் சொல்றேன். இப்போதைக்கு உங்களுக்கும் ஒரு மாத்திரை ஆரம்பிக்கலாம்."

"பொறந்ததுல இருந்து நான் இப்படித்தான். இது குணமா, நோயா? ஒன்னு சொல்லுங்க."

"மூஞ்சிக்கு நேரா பட்டுனு பேசறீங்களே, அது குணம். அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கோபத்திலும்.

அப்பாவும் உள்ளே போய்விட்டு வந்ததும், வெளியே இளநீர்க் கடையில் கேட்டார். "உனக்கு என்னடா சொன்னாங்க?"

"எனக்கு எதுக்கு? உங்களுக்காகத்தான் வந்தது. அம்மாதான் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க."

அப்பா இளநீரை வாயிலிருந்து எடுத்தார். "எனக்கா? உன்னையக் காட்டோணும்னு சொல்லித்தானடா என்னைய அனுப்புனா! 'அவனா வந்து கூப்புடுவான், மறுபேச்சுப் பேசாம சட்டையப் போட்டுட்டுப் போங்க'ன்னு!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். இளநீர்க்காரர் ஸ்ட்ராவை நீட்டியபடியே நின்றார். முதலில் சிரித்தது அப்பா. எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! பஸ் கிளம்புகிற மாதிரி முதலில் இரண்டு உறுமல், அப்புறம் ஒரே ஓட்டம்.

அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில்.

"ஏம்மா, ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பொய்யா?"

"எங்க கண்ணு பொய்? ரெண்டுமே நெசந்தானே!"

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்காருகிறோம். யாரும் யாரையும் நம்புவதில்லை. அப்பா "போலாம், ரைட்" என்பார். இருவரும் ஒன்றாக விழுங்குகிறோம். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார். நானும் காட்டச் சொல்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எழுதத் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். வாய் காய்கிறது. அந்த மூன்று நாள் வேகம் திரும்ப வேண்டும் என்று இருக்கிறது. அப்போது நான் ராஜா. நேற்று ராத்திரி "ரைட்" சொன்னபோது மாத்திரையைச் சட்டைப் பைக்குள் நழுவ விட்டேன். அப்பா முப்பது வருஷம் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தவர்.

"டிக்கெட் எடுக்காம ஏறுனா நான் வண்டிய எடுக்க மாட்டேன்" என்று தன் மாத்திரையையும் கீழே வைத்துவிட்டார்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி முடித்திருப்பேன். எதிரேயே உட்கார்ந்திருந்தார். போட்டுக்கொண்டேன்.

இன்று டாக்டருக்குப் போன் செய்து வாய் காய்வதைச் சொன்னேன். தண்ணீர் நிறையக் குடியுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள், செவ்வாய்க்கிழமை வந்து ஒரு டெஸ்ட் பார்த்துவிடலாம் என்றார். சரி.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெண் குழந்தை! மூன்று கிலோ! அம்மா போனில் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. அப்பா தெருவில் இறங்கி எல்லா வீட்டுக்கும் சர்க்கரை கொடுத்தார். பால்காரருக்கு இரண்டு தடவை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

கோபிக்குப் போனோம். சிவப்பாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையும் முஷ்டி பிடித்துக்கொண்டு. அக்கா வீட்டுக்காரர், "அப்படியே உங்க குடும்பம்" என்றார். தூக்கக் கை நீட்டினேன். அக்கா குழந்தையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் அணைத்துக்கொண்டு, "தூங்குதுடா, அப்பறம் பாக்கலாம்" என்றாள். குழந்தை தூங்கவில்லை. எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. நான் ஒன்றும் விளக்கவில்லை. அப்பா கை நீட்டவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார். "அவ மேல தப்பில்லடா. சின்னதா இருக்கறப்ப, நான் கேட் தொறக்கற சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போயிருவா."

"அம்மா சொன்னாங்களா?"

"நானே பாத்திருக்கேன். வெளையாடுறான்னு நெனச்சுப்பேன்."

செப்டம்பர் 24, புதன்

ஆபீசில் கேட்டு, மங்கலம் ரோடு கம்பெனிக்கு நானே திரும்பப் போனேன். சென்சாரைப் பொருத்திக் கொடுத்தேன். விளக்கு எரிந்தது. நூல் அறுந்த இடத்தைத் தேடினால், பிரச்சினை மேலே, நூல் கண்டுகளை மாட்டும் கோன் ஸ்டாண்டில். நூல் அங்கேயே உரசிக்கொண்டிருந்திருக்கிறது. ஆபரேட்டர் விளக்கைத் திட்டினான், நான் ஆபரேட்டரைத் திட்டினேன், யாரும் நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை. வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "நானும் நீங்களும் ரெண்டு சிவப்பு விளக்கு மாதிரிங்கப்பா" என்றேன். "பேசாம வெங்காயத்தை உரிடா" என்றார்.

ரேடியோ கேட்டுக்கொண்டே சொன்னார். அதைத்தான் எழுத வந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

கிரைண்டரைத் திரும்பக் கோர்க்கும் நாள். மிக்சி முடிந்தது, வாஷிங் மெஷின் முடிந்தது. மூன்றுக்கும் மூன்று மோட்டார்தான். அக்கா வந்தால் அம்மா முதலில் தேடுவது கிரைண்டர். வந்தால்.

வீடியோ காலில் அம்மாவைப் போட்டு, ராகி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். பெல்ட் மாட்டி ஓட விட்டோம். ஓடியது. ஆனால் கடகடவென்று ஒரு சத்தம். அப்பா ஒரு வாஷரைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். சொன்னேன். இல்லை என்றார். ஆமாம் என்றேன். அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குக் காதில் சூடு ஏறுவது தெரிந்தது. நேற்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. அதுவும் ஞாபகம் வந்தது. டாக்டர் சொன்னபடி, இடத்தை விட்டு நகர்ந்து மாடிக்குப் போய்விட்டேன். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. மறுபடியும் பார்த்தேன்.

இறங்கி வந்தால் வீட்டில் ஆள் இல்லை. கிரைண்டர் மட்டும் தன்னந்தனியாகக் கடகடவென்று ஓடுகிறது. கேட்டுக்கு வெளியே அப்பா, செருப்பில்லாமல், எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவரிடமும் டாக்டர் அதையேதான் சொல்லியிருக்கிறார். சண்டை போட இரண்டு பக்கமும் ஆள் இல்லை.

அப்போதுதான் ராகி டப்பா பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. போனை அணைக்க மறந்திருக்கிறோம். அம்மாவும் அக்காவும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, வெறும் ஹாலையும் ஓடுகிற கிரைண்டரையும் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்து வீறிட்டது.

"டேய் நவநீதா" என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "அதை மொதல்ல ஆஃப் பண்ணுடா, ஊரே கேக்குது." அப்புறம் கொஞ்சம் தணிந்து: "தொட்டில் மாட்டற கொக்கி அங்க கெட்டியா இருக்குதா?"

வாஷரை நான்தான் தலைகீழாகப் போட்டிருந்தேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

கொக்கியில் முதலில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை. தாங்கியது. அப்புறம் இரண்டு மூட்டை. தாங்கியது. அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை, என்னைத் தொங்கச் சொன்னார். தொங்கினேன். "ஆடு" என்றார். ஆடினேன். எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்து, "யாருக்குங்க தொட்டில்?" என்றாள்.

பட்டாசுச் சத்தம் ஓயட்டும், தீபாவளி கழித்து வருகிறார்களாம்.

அக்டோபர் 26, ஞாயிறு

வந்துவிட்டார்கள்! வாசலில் ஆரத்தி எடுத்தது எதிர்வீட்டு அக்கா. அம்மா நேராகச் சமையலறைக்குப் போய்க் கிரைண்டர் சுவிட்சைத் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். "முன்னைவிட நல்லா ஓடுதே" என்றாள். எனக்குப் பேட்டன்ட் கிடைத்த மாதிரி இருந்தது.

குழந்தை அக்கா கையிலோ அம்மா கையிலோதான். நாங்கள் இருவரும் தொட்டில் பக்கமாக நடந்துபோய்த் திரும்புகிறோம்.

அக்டோபர் 30, வியாழன்

இதை இடது கையால் எழுதுகிறேன், கோணலாக இருக்கும்.

அம்மா கடைக்குப் போயிருந்தாள். குழந்தைக்கு என்ன கோபமோ, அழ ஆரம்பித்தது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தொட்டில் ஆட்டியாயிற்று. முகம் தக்காளி. அக்கா நேற்றெல்லாம் தூங்கவில்லை. கண் செருகி, சுவரில் சாய்ந்து நின்றாள். அப்பா அவளையே பார்த்தார். அப்புறம் முதல் தடவையாகக் கையை நீட்டினார்.

"குடு சாமி. ஒரு ட்ரிப் அடிச்சுட்டு வரேன்."

அக்கா என்ன நினைத்தாளோ, கொடுத்துவிட்டாள். அப்பா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டைக்குள்ளே பழைய டவுன் பஸ்ஸை ஸ்டார்ட் செய்தார். முதல் கியர். ஹாலைச் சுற்றி ஒரு வளைவு. இரண்டாவது கியர். குழந்தை அழுகையை நிறுத்தி, இது என்ன என்பது போல் கேட்டது.

"ரெண்டாவது கியர்லயே ரொம்ப நேரம் ஓட்டறீங்க, இன்ஜின் சூடாயிரும்" என்று விளக்கினேன். குழந்தைக்குக் கேட்காத அளவு சத்தத்தில்.

"அப்ப நீ ஓட்டுடா" என்று என் தோளுக்கு மாற்றினார்.

நான் அப்படியே நின்றேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து வாங்கிக்கொள்வாள் என்று காத்திருந்தேன். வந்தாள். என் கையை எடுத்துக் குழந்தையின் கழுத்துக்குக் கீழே சரியாக வைத்தாள்.

"நான் ஒரு தூக்கம் போட்டுட்டு வர்றேன்" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாவது கியரில் குழந்தை தூங்கிவிட்டது. அம்மா வந்து பையை வைக்கும் சத்தத்துக்கு அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் "உஷ்" என்றோம். வலது தோளில் குழந்தை. உட்கார்ந்தால் எழுந்துவிடும் என்று அப்பா சொல்வதால் அலமாரி மேல் டைரியை வைத்து நின்றபடி எழுதுகிறேன்.

உள்ளே அக்கா குறட்டை விடுகிறாள். அவளுக்குக் குறட்டை வரும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.